பின்சீட்டுக்காரர் முதலில் பேச வேண்டும்

செய்தி வந்தபோது ஒரு பெரியவருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். தென்காசியில் என் கண்ணாடிக் கடையில் புதன்கிழமை காலை கூட்டம் இருக்காது. கைபேசி அடித்ததும் எடுத்துவிட்டேன். நம் ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கூட்டத்து முருகேசன். "அண்ணாச்சி, நம்ம மைதீன் அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். "எந்த மைதீன்லே?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு மைதீன் உண்டு. ஆனால் முருகேசன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லக்கூடிய மைதீன் ஒருவன்தான். தெரிந்தேதான் கேட்டேன். வேறு யாராவதாக இருக்கட்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். அந்த நொடியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. முப்பது வருடம் 'லே' போட்டுப் பேசியவனை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், அவன் என்றே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு இது தெரியாது. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, அந்த ஞாயிற்றுக்கிழமை, மைதீன் என் புது மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து ஐந்தருவி வரை வந்தான். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கினான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்கு வருகிறேன். வாசலில் நின்றால் சாவியைத் தேடுகிறேன். சாவி கிடைத்ததும் அதை மேசையில் வைத்துவிட்டு மறுபடி உட்காருகிறேன்.

ஒருவன் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனதற்கு இவ்வளவு தவிப்பா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பழைய காலத்துத் தோற்றத்தில் இப்போது வருகிற நடுத்தர வண்டிகள்மேல் எங்களுக்குப் பைத்தியம். உருண்டை விளக்கு, கண்ணீர்த்துளி வடிவ டேங்க், நானூறு, அறுநூற்றைம்பது சிசி, அதற்கேற்ற கனம். அவற்றை ஓட்டியவர்களின் அனுபவங்களைக் கேட்டு 'பின்சீட்டு' என்ற பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறோம். கேட்பது மைதீன், எழுதுவது நான்.

பக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு சாரல் காலத்தில். குற்றாலத்தில் மெயினருவிக்குப் பக்கத்தில் மதுரைக்காரர் ஒருவர் தன் வண்டியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். இருக்கை மெத்தை போல இருக்கிறது, மதுரையிலிருந்து வந்த களைப்பே தெரியவில்லை என்றார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். மைதீன் அவரை விட்டுவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு பின்னால் நின்ற அவர் மனைவியைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருந்தது?" என்றான். அந்த அம்மா கணவரை ஒருமுறை பார்த்தார். "அவருக்கு மெத்தை, எனக்குப் பலகை. வழியில எத்தனை தடவை காலை மாத்தி மாத்தி வச்சேன். அவருக்கு ஒரு தடவைகூடத் தெரியல" என்றார். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டான். இனி எந்த வண்டியானாலும் முதலில் பின்சீட்டுக்காரர் பேச வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை ஓட்டியவர் வாயைத் திறக்கக் கூடாது. எழுத்திலும் அதே வரிசைதான். பக்கத்தில் முதல் வரி பின்னால் இருந்தவருடையது, அடுத்ததுதான் ஓட்டியவருடையது.

மைதீன் ஷார்ஜாவில் பதினெட்டு வருடம் டெலிவரி வேன் ஓட்டியவன். "கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசிக்குள்ளயே இருந்தேன் லே. காத்து மேல பட்டு எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா?" என்பான். திரும்பி வந்ததும் மச்சானின் ஜவுளிக்கடையில் சேர்ந்தான். கடைக்குப் போவதற்கு முன்பாகவே வண்டி வாங்கிவிட்டான். கறுப்பு டேங்கில் வெள்ளிக் கோடு போட்டது. ஏன் இந்த மாதிரி என்று கேட்டதற்கு, "பாக்க பழசு மாதிரி இருக்கணும், ஆனா பழசு மாதிரி நடுரோட்டுல நிக்கக் கூடாது. நம்ம வயசுக்கு அதான் சரி" என்றான். சைலன்சர் சத்தத்தை மட்டும் புகழ்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "பாட்டுக் கச்சேரிக்கா போறிய?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவான்.

எழுத்தில் பூசி மெழுகினாலும் விட மாட்டான். ஒரு வண்டியைப் பற்றி 'ஓடும்போது இதன் எடையே தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஐந்தருவியில் வண்டி நிறுத்தும் இடத்தில், சரிவில் முகம் கீழே பார்க்கும்படி அதே வண்டியை நிறுத்த வைத்தான். நல்ல சாரல். "இப்ப பின்னால தள்ளி வெளியே எடு" என்றான். இருநூறு கிலோவுக்கு மேல். செருப்பு வழுக்குகிறது, வண்டி அசையவில்லை. அவன் மங்குஸ்தான் பழத்தை உரித்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்கியதும் வந்து ஒரு கை கொடுத்தான். "ஓடும்போது எடை எங்கன தெரியும்? எறங்கித் தள்ளும்போதுல்லா தெரியும். அதை எழுது" என்றான். எழுதினேன்.

வாய்த்துடுக்கும் பிடிவாதமும் அவனுக்கு உண்டு. நல்லவனாக மட்டும் எழுதினால் அவனே ஒப்புக்கொள்ள மாட்டான். கடையநல்லூர் வாத்தியார் ஒருவர் பல வருட ஆசைக்குப் பிறகு வண்டி வாங்கி, மனைவியோடு எங்கள் கூட்டத்துக்கு வந்தார். அந்த அம்மா நன்றாக இருக்கிறது என்றார். மைதீன் விடவில்லை. குறுக்கு வலிக்கலையா, கால் எட்டுதா என்று குடைந்து குடைந்து கேட்டு, கடைசியில் வலிக்கிறது என்று சொல்ல வைத்துவிட்டான். வாத்தியார் முகம் செத்துப்போனது. அதன்பின் அவர் வரவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "உள்ளதைக் கேட்டதுக்கு எதுக்குலே மன்னிப்பு?" என்று கத்தினான். ஆனால் யாருக்கும் சொல்லாமல் இருக்கை தைக்கிற ஆளை அவர் வீட்டுக்கு அனுப்பி, பின்சீட்டுக்கு நல்ல மெத்தை வைக்கச் செய்திருக்கிறான். அது எனக்குத் தெரிந்ததே அடக்கத்தன்று அந்த வாத்தியார் வந்து சொன்னபோதுதான்.

இந்த வருடம் சாரல் தொடங்கும்போது அவன் வண்டி ஓட்டுவதை நிறுத்தினான். கேட்டவர்களுக்கெல்லாம் முதுகுவலி என்றான். "இனி நான் நிரந்தரப் பின்சீட்டு. எல்லார் வண்டிக்கும் முதல்ல பேசுதது நான்தான்" என்று சிரித்தான். எனக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் மனைவி ரஹ்மத் கண்ணாடி மாற்ற வந்தபோது கடையில் சொல்லியிருந்தாள். இருதயம் பலவீனமாகிவிட்டது, அதிர்ச்சியோ குலுக்கலோ கூடாது என்று டாக்டர் சொன்னாராம். "அவிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ. உங்ககிட்ட சொன்னது தெரிய வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அவன் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அறுநூற்றைம்பது சிசி, பச்சை டேங்க், நான் வண்டி எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏறுவதற்கு முன்பே மைதீன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். "எனக்காக மெதுவா ஓட்டாத சங்கரா. நீ வழக்கமா ஓட்டுத மாதிரி ஓட்டு. இல்லன்னா வண்டியப் பத்தி நான் என்னத்தச் சொல்ல?" என்றான். சரி என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கிளட்சை விட்டதும் என் முதுகில் அவன் கை பட்டது. அவ்வளவுதான், என் கைக்கு வேறு புத்தி வந்துவிட்டது.

இலஞ்சி தாண்டி வயலோரமாக வரும் நேர்ச்சாலையில்தான் எல்லோரும் வண்டியை இழுத்துப் பார்ப்போம். நான் நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது. பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று முந்தியது. அந்தப் பால்காரர் திரும்பி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தியே ஏற்றி இறக்கினேன். பள்ளங்களுக்குச் சாலையின் அந்தக் கரைவரை ஒதுங்கினேன். மைதீன் வழியில் நாலு வார்த்தை பேசாமல் வருகிற ஆள் இல்லை. அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஐந்தருவியில் தேநீர் குடித்தோம். திரும்பினோம். அவன் வீட்டு வாசலில் இறங்கி, பின்சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "நாளைக்குச் சொல்லுதேன் லே" என்று உள்ளே போய்விட்டான்.

எந்த வண்டிக்கும் அவன் நாளைக்கு என்று சொன்னதே இல்லை. இறங்கிய கையோடு கொட்டித் தீர்ப்பவன். திங்கள் அழைக்கவில்லை. செவ்வாய் நானும் அழைக்கவில்லை. ரஹ்மத் சொன்னது அவனுக்குத் தெரிந்துபோயிற்றா? என்னை நோயாளியாக்கிவிட்டாயே என்று கோபமா? அழைத்தால் கேட்டுவிடுவானே என்று பயந்தேன். புதன்கிழமை முருகேசன் அழைத்துவிட்டான்.

அடக்கத்துக்குப் பன்னிரண்டு வண்டிகளில் போனோம். பள்ளிவாசலுக்கு எட்டத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் உங்களில் பலர் என்னிடம் வண்டி எப்படி என்று கேட்டீர்கள். பின்னால் இருந்தவர் இன்னும் சொல்லவில்லை என்று பதில் சொன்னேன். நான் ஏதோ தத்துவம் பேசுவதாக நினைத்திருப்பீர்கள். உண்மையில் அவன் என்மேல் வருத்தத்தோடு போனானா என்பது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் தாங்க முடியாமல் அவன் வீட்டுக்குப் போனேன். ரஹ்மத், கணவனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருக்கிறாள், வெளியே வர மாட்டாள். அவன் மகள் ஆயிஷா எனக்குத் தேநீர் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து ரஹ்மத்தான் பேசினாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வந்து என்னம்மா சொன்னான்?"

"சிரிச்சாவ அண்ணாச்சி" என்றாள். "கட்டில்ல உக்காந்து அப்படிச் சிரிப்பு. 'சங்கரன் எங்க வண்டி ஓட்டுனான், முட்டைத் தட்டைக் கொண்டுட்டுப் போற மாதிரில்லா என்னைக் கொண்டு போனான். நீ சொல்லிட்டியா அவன்கிட்ட?'ன்னு கேட்டாவ. நான் ஆமான்னேன்."

"கோபப்பட்டானா?"

"எங்கிட்ட கோபப்படல. பொறவு, 'அவன் பயந்துட்டான், பாவம். வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல. உள்ளதைச் சொன்னா அவனுக்குக் கஷ்டமா இருக்கும், இல்லாததைச் சொல்ல எனக்கு வராது. அதான் நாளைக்குன்னுட்டு வந்துட்டேன். அடுத்த ஞாயிறு ஒழுங்கா ஓட்டச் சொல்லி இன்னொரு தடவை போகணும்'னாவ." குரல் திரைக்குப் பக்கத்தில் வந்தது. "நான் உங்ககிட்ட சொன்னது தப்பா அண்ணாச்சி?"

"இல்லம்மா" என்றேன். ஆயிஷா ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு வேறு கொண்டுவந்தாள். அதையும் நான் குடிக்கவில்லை.

வண்டி விஷயத்தில் உள்ளதைத் தவிர வேறு எதையும் சொல்லத் தெரியாதவன், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எனக்காக வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான். அதைத் தாங்குவது அவன் திட்டியிருந்தால் தாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. வாத்தியார் வீட்டுக்கு மெத்தை அனுப்பியதும் இதுவும் ஒன்றுதான் என்று இப்போது படுகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தனியாக அதே சாலையில் போனேன். அவன் கேட்டபடி, நான் வழக்கமாக ஓட்டுகிறபடி ஓட்டினேன். அவன் இறங்கியபோது மடக்காமல் விட்ட பின்னால் உள்ள ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் நான் இன்னும் மடக்கவில்லை. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டும், அவன் போட்ட வரிசையும்தான். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து 'பின்சீட்டு' பக்கத்துக்கு என் வண்டியைப் பற்றி எழுதி முடித்தேன். நீங்கள் படித்திருப்பீர்கள். இதுவரை வந்ததிலேயே சின்னது அதுதான்.

பின்சீட்டில் இருந்தவர், மைதீன்: வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஓட்டியவன் பயந்து ஓட்டினான்.

ஓட்டியவர், சங்கரன்: ஆமாம் மைதீன், பயந்துதான் ஓட்டினேன்.