அருவிக்கரை வகுப்பும் பேச்சியம்மாள் டீச்சரும்

பேச்சியம்மாள் டீச்சர் கோமதிக்குச் செய்தது நன்மையா? செவ்வாய்க்கிழமை முதல் மணி அடிக்கும்போது, காய்ச்சலில் கிடந்த டீச்சர் விடியற்காலையில் இறந்துவிட்டார் என்று பள்ளிக்கூடப் பியூன் வந்து சொன்னார். அப்போது எழுந்த கேள்வி இது. இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

தென்காசியில் ஒரே பள்ளியில் பதினோரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தும் எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. என் பட்டத்தை அவர் ஒரு வியாதியைப் போல விசாரிப்பார். "பி.ஏ. எப்படி இருக்கு டீச்சர், சொகமா?"

ஊர்க்காரர்களே, பெரியவளானதும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறவர்கள் நீங்கள். சாரல் விழுந்துவிட்டால் அதே பெண்ணை வண்டி கட்டிக் குற்றாலத்துக்குக் குளிக்க அனுப்புகிறவர்களும் நீங்கள்தான். இதைக் கவனித்தவர் அவர் ஒருவரே. அருவிக்குப் பக்கத்துக் கல்மண்டபத்தில், பெண்கள் தலை துவட்டும் நேரத்தில் வகுப்பு நடத்தினார். சிலேட்டு வீட்டில் பிடிபடும் என்பதால் ஈர விரலால் தரையில் எழுதவைத்தார்.

"சீசன் மூன்று மாதம் படித்ததை மிச்ச மாதங்களில் மறந்துவிடுவார்களே" என்றேன்.

"மறக்கட்டுமே. மறந்துபோச்சுன்னு சொல்லுததுக்காவது ஒண்ணு வேணும்லா?"

ஆய்க்குடிக் கோமதி மறக்கவில்லை. சுரண்டை வியாபாரி ஒருவருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து வந்த கடிதத்தை எடுத்து, முற்றத்தில் பெண்கள் நடுவில் சத்தமாக வாசித்துவிட்டாள். மூத்த தாரத்துக்குப் பிள்ளையில்லை, வருகிறவள் அவளுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மூத்தவள் ஒருத்தி இருப்பதே கோமதிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் தகப்பனார் மண்டபத்துக்கே வந்து கத்தினார். "குளிக்க அனுப்புன பிள்ளையக் கெடுத்துட்டியே!"

"கடுதாசிய எழுதுனது நானா அண்ணாச்சி? ஒங்க மாப்பிள்ளையப் போய்க் கேளும்."

கல்யாணம் நிற்கவில்லை, ஒரு வாரத்தில் அவசரமாக நடந்தது. தெரியாமலே போயிருக்கலாமே என்று டீச்சரிடம் சொன்னேன். "வெட்டக் கொண்டுபோற ஆட்டுக்குத்தான் தெரியாது" என்றார். அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

அதன்பிறகு வண்டிகள் மண்டபத்துப் பக்கம் நிற்காமல் போயின. இரண்டு சீசனாக, சனிக்கிழமைதோறும் அவர் மட்டும் அங்கே போய் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காய்ச்சலும் அந்த ஈரத்தில் வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை வாசகசாலையில் இரங்கல் கூட்டம். அதே தகப்பனார் எழுந்து, "நம்ம பிள்ளைகளுக்குக் கண்ணத் தெறந்த தெய்வம்" என்றார். கைதட்டினீர்கள். படம் மாட்டத் தீர்மானம் போட்டீர்கள். "நாளைக்கு மண்டபத்துக்கு நான் போகிறேன், பெண்களை அனுப்புவீர்களா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற டீச்சர்" என்று ஒருவர் சொல்ல, சபை சிரித்தது.

அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்ததாக இப்போது சொன்னால் பொய். உங்கள்மேல் அவருக்கு இருந்த கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனேன். ஒன்பது மணிக்குக் கோமதி வந்தாள். கூடவே, நாற்பது வயதிருக்கும், ஓர் அம்மாள்.

"இவுக மூத்தவுக" என்றாள் கோமதி.

"அவுக சரக்கெடுக்கப் போயிருக்காவ. மத்தியானத்துக்குள்ள எம் பேர எழுதப் படிச்சிரணும். சுருக்கா ஆரம்பிங்க" என்றார் அந்த அம்மாள்.

நான் உட்காருவதற்குள் கோமதியே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாள். பன்னிரண்டு மணிவரை இருந்தோம். உங்கள் வண்டி ஒன்றுகூட வரவில்லை.