வெள்ளிக்கிழமைக் கடல் தண்ணீர்

குணேஸ்வரி அக்கா வீட்டு விறாந்தையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் மீன் இல்லை, முருகைக்கற்கள்தான், கடலடியில் விளையும் பவளப்பாறைத் துண்டுகள். "கல்லுக்குச் சோறு தீத்துற மனிசி" என்று எங்கள் தெரு அவரைக் கேலி செய்யும். அவருக்குக் கோபம் வராது. கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்துவார். "வடிவாப் பாரும். உது கல்லில்லை, உயிர்." கிட்டப் பார்த்தால் அந்தக் கல்லெல்லாம் குட்டிக் குட்டி வாய்கள், மெல்லிய விரல்களை விரித்து அசைந்துகொண்டிருக்கும். பச்சை, ஊதா, தேன் நிறம்.

அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கொம்பனியில் அக்கா வேலை பார்த்தவர். 2006இல் சண்டை மறுபடி தொடங்கியதும் முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். சாக விட்டுப்போன முருகைகளை அக்கா வாளிகளில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதுகளைப் பார்ப்பது பெரிய வில்லங்கம். சூடு கொஞ்சம் கூடினாலும் வெளிறிப்போகும். கரண்ட் போனால் மோட்டர் நின்றுவிடும், அக்கா அகப்பையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார். வற்றிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாம், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆனால் கிழமைக்கு ஒருதரம் பழைய தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிய கடல் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். அது தவறினால் முருகை தாங்காது.

கடல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் கரையில் மண்மூட்டை அடுக்கி நேவிக்காரர்கள் நின்றார்கள். வளைகுடாவுக்கு அங்கால் சம்பூர்ப் பக்கம் ஷெல் விழும் நாட்களில் துவக்கை நீட்டிக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள்.

"நீங்கள் போகாதேங்கோ. கல்லுப் போனாப் போகட்டும்," என்று அக்கா தன் கணவரிடம் சொன்னதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற நானே கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை. ரெண்டு கான் தண்ணி அள்ளுறதுக்கு எனக்கென்ன பயம்?" என்றார் சோமசேகரம் அண்ணை.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு போவார். அவர் திரும்பி வரும்வரை அக்கா பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டார். பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்த விரதம். கேற்றைப் பிடித்தபடி நிற்பார். எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் நெஞ்சில் கையை வைப்பார். அண்ணை வந்து இறங்கியதும் கதை தொடங்கும். "இண்டைக்கு முழங்காலில இருத்திப்போட்டான். நான் சிரிச்சுக்கொண்டே அடையாள அட்டையை எடுத்து நீட்டினன்." நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சில மாதங்களில் முருகைகள் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டன. முதலில் பச்சை வெளுத்தது, பிறகு ஊதா. உப்பைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயை அக்கா தொட்டியில் மிதக்கவிட்டார். அது சரியான கோட்டில் நின்றது. அப்படியானால் பிழை தன்னில்தான் என்று முடிவெடுத்தார். புகை ஆகாதென்று நுளம்புத்திரி கொளுத்துவதை நிறுத்தினார், தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார், கைகளைத் தோல் உரியத் தேய்த்துக் கழுவினார். தேன் நிறமும் வெளுத்தது.

ஒருநாள் மதிலடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். கானில் இருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார்.

"உப்பாத்தானே கிடக்கு, அக்கா."

"கசக்குதே?"

கசக்கவில்லை. கடலில் முழுகியவர்களுக்குத் தெரியும், உப்புக்குப் பின்னால் அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். இது வெறும் உப்பு, ரசத்தில் கூடிப்போனதுபோல.

அப்போது கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் ஜெமீல் சைக்கிளில் வந்தான். வெள்ளிக்கிழமைகளில் அண்ணையைக் கடற்கரையில் காண்பதுண்டா என்று அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கடற்கரையிலயா? இல்லையே அக்கா. மற்றத் தெரு பாக்கியரத்தினம் அண்ணன்ட கிணத்தடியிலதான் காணுவன், கடதாசிச் சீட்டு விளையாடிக்கிட்டு இருப்பாங்க. போன கிழமை கானுக்குள்ள கட்டி உப்புக் கரைச்சாங்க. கருவாடு போடவா எண்டும் கேட்டன்."

அக்கா அரைக் கிலோ பாரைமீன் வாங்கினார்.

அன்றிரவு மதிலுக்கு மேலால் எல்லாம் கேட்டது. அண்ணை உண்மையாகவே போனது முதல் சில கிழமைகள்தான். ஒருநாள் நெற்றியில் துவக்கை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பயந்ததற்கு அவரை யார் குறை சொல்வது? நாங்கள் எல்லாரும் பயந்தவர்கள்தான்.

"உனக்கு மனம் நோகக்கூடாதெண்டுதான் சொல்லேல்லை," என்றார்.

"பயமாக் கிடக்கெண்டு சொல்லியிருந்தா, நானும் உங்களோட இருந்து பயந்திருப்பன். கல்லைத் தூக்கி எறிஞ்சிருப்பன். நீங்கள் அங்க கடதாசி விளையாட, நான் இஞ்ச உங்கட உயிருக்கு விரதம் இருந்திருக்கிறன். நான் கேற்றடியில நிக்கிறதைப் பாத்துக்கொண்டுதானே வந்தனீங்கள்?"



அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணை கான்களைக் கட்டிக்கொண்டு மெய்யாகவே கடற்கரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் இரண்டு வெடி கேட்டது. மதிலால் எட்டிப் பார்த்தேன். கேற்றடியில் யாரும் இல்லை.

அண்ணை வந்தார். காற்சட்டை முழங்காலில் கிழிந்து இரத்தம் கசிந்தது. கானைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு ஓடினார். "குணேஸ், இது கடல் தண்ணி! நக்கிப் பார், கசக்குது!"

அக்கா கதிரையில் இருந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக.

"அங்கால வையுங்கோ," என்று சொல்லிவிட்டு இன்னுமொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.