இளைக்கிற மாத்திரை

என் மகளின் இதயத்தைக் கெடுத்தவள் நான். அந்தப் பழியையும் அவள் மேலேயே போட்டேன்.

நீங்கள் என்னைத் திட்டலாம். அதற்கு முன் கேளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கோமளாவுக்குப் பதின்மூன்று வயது. சிறு வயதிலிருந்தே பூசினாற்போல் உடம்பு. பெரியவளானதும் இன்னும் பெருத்தாள். தவளக்குப்பத்திலிருந்து வந்த என் அண்ணி எல்லார் முன்னாலும், "இவளுக்குப் பாவாடை தைக்க ஒரு பீஸ் துணி பத்துமா?" என்று கேட்டுச் சிரித்தாள். கோமளாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு சோற்றைத் தொடவில்லை. அவளுடைய அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்னப் பெண் என்று அவர் தயங்கினார். நான்தான் விடவில்லை. கடைசியில் பசியை அடக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"காலைல பாதி. ஒரு மாசம்தான். படபடப்பு வந்தா உடனே நிறுத்திட்டு இங்க வாங்க."

பாதி... ஒரு மாதம்... அவ்வளவு தெளிவாகத்தான் சொன்னார்.

கோமளா இளைத்தாள். கான்வென்ட் நாடகத்தில் மசேர், அந்தக் கன்னியாஸ்திரி டீச்சர், அவளை முன்வரிசையில் நிறுத்தினார். மாதம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். பசி திரும்பி வந்தது, உடம்பும் வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் குடும்மா. மறுபடியும் குண்டாயிடுவேன்" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. ஆனாலும் வாங்கி வந்தேன். மருந்துக்கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதி முழுசாயிற்று. பிறகு காலையும் மாலையும்...

அவளுக்குத் தூக்கம் போயிற்று. பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பாள். மார்பில் கை வைத்தால் உள்ளே ஏதோ தறிகெட்டு ஓடுவது தெரியும். "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். அந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது.

ஒருநாள் குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர், மாத்திரைப் புட்டியைக் காட்டி என்னைக் கேட்டார். என் கணவரும் பக்கத்தில் நின்றார்.

"இவ்ளோ நாளா இத யார் குடுத்தது?"

"எனக்குத் தெரியாது டாக்டர். அவளே எடுத்துத் தின்னிருக்கா."

என் வாய்தான் அதைச் சொன்னது. கோமளா படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை... இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ?

"ஆமா டாக்டர். நான்தான்" என்றாள்.

அவள் அப்பா பல நாள் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும், எங்காவது அவள் மூச்சு வாங்கி நின்றால், "நீயா தேடிக்கிட்டது" என்கிறார். அவளால் மாடி ஏற முடியாது. உடம்போ பழையபடி பெருத்துவிட்டது.

போன வாரம், "அப்பாகிட்ட இன்னிக்குச் சொல்லிடறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "வேணாம்மா. உன்னால தாங்க முடியாது. எனக்குப் பழகிடுச்சு."

நான் சொல்லவில்லை.