நல்லக்கண்ணுவுக்காக வந்த கேசட்

சவூதியில் இருக்கும் வீட்டுக்காரருக்குக் கேசட்டில் பேசி அனுப்ப, எங்கள் தெருப் பெண்கள் மீரா உசேன் அண்ணனின் ரேடியோ ரிப்பேர் கடைக்குத்தான் போவோம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு அவர் எதிர்த்த டீக்கடைக்குப் போய்விடுவார். நாங்கள் அழுதாலும் சண்டை போட்டாலும் அவர் காதில் விழக் கூடாதாம். எவ்வளவு நேரமானாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த வருஷம் என் மகள் ஹுமைரா பத்தாவது படித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. மேலே படிக்கக் கும்பகோணத்துக்கு பஸ் ஏற வேண்டும். சவூதியில் இருந்த அவள் அத்தா, என் வீட்டுக்காரர் ஜெக்கரியா, “வயசுப் புள்ள பஸ்ல போக வேணாம், நிறுத்திடு” என்று சொல்லி அனுப்பினார். நான் கேசட்டில் கெஞ்சினேன். பதில் முன்னைவிடக் கடுமையாக வந்தது. மறுபடி மன்றாடினேன். மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டுக் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீக்கடையிலிருந்து வந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க வக்கீல் கணக்கா வாதாடினா, அவரு எதிர்த்தரப்பு வக்கீலாத்தானே நிப்பாரு? கொஞ்ச நாள் ஹுமைரா பேச்சை விடுங்க. ஊர்ல அவரு சொன்னா யாரு கேப்பா?”

“நல்லக்கண்ணு அண்ணன் கேப்பாரு. ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து சேக்காளி.”

நல்லக்கண்ணுவின் மகள் செம்மொழியும் ஹுமைராவும் ஒரே வகுப்பு. அவளைப் பத்தாவதோடு நிறுத்தி நடவுக்கு அனுப்பப் போகிறார் என்று அவர் மனைவி ராமாயி என்னிடம் சொல்லி அழுதிருந்தாள். அதையும் சொன்னேன்.

“அப்ப அந்தப் புள்ளைக்காக நல்லக்கண்ணுகிட்ட உங்க வீட்டுக்காரரை நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க.”

“இது ஏமாத்துறது ஆகாதா அண்ணே? நாளைக்குப் படைச்ச ரப்புகிட்ட பதில் சொல்லணும்.”

“செம்மொழி படிக்கணும்னு நெசமா நினைக்கிறீங்களா?”

“நினைக்கிறேன்.”

“அதை மட்டும் நினைச்சுப் பேசுங்க.”

அல்லாஹ் பேரால் பிஸ்மி சொல்லிக் கேசட்டில் அப்படியே பேசினேன்.

லீவில் வந்த ஒருவர் பதில் கேசட்டைக் கொண்டுவந்தார். நல்லக்கண்ணுவையும் ராமாயியையும் கடைக்கு அழைத்துப் போனேன். அண்ணன் வழக்கம்போல டீக்கடைக்குப் போய்விட்டார். கேசட்டைப் போட்டதும் ஜெக்கரியாவின் குரல் வந்தது.

“டேய் நல்லக்கண்ணு, பொம்பளைப் புள்ளதானேன்னு நிறுத்திப்புடாத. நாளைக்கு ஒரு கஷ்டம்னா அது கையில படிப்பு இருக்கணும்டா.”

“சொல்லுவான். இவன் புள்ளைய நிறுத்திப்புட்டு” என்றார் நல்லக்கண்ணு.

“பேசாம கேளுய்யா” என்று ராமாயி அதட்டினாள்.

ஒரு பக்கம் முழுக்க ஜெக்கரியா விடாமல் பேசினார். “பஸ்ஸுக்கெல்லாம் பயந்தா ஆவுமா? தெருப் புள்ளைங்களோட சேந்து போனா...” அந்த இடத்தில் குரல் நின்றது. அங்கே ஓடும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு இருமல்.

“கமரு,” என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். “நம்ம ஹுமைராவும் போகட்டும். ரெண்டும் ஒண்ணா போயிட்டு ஒண்ணா வரட்டும்.”

நல்லக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். “அவனே அனுப்புறான்னா, எம் புள்ளைய அனுப்ப எனக்கு என்ன வந்துச்சு.”

பெண்கள் இருவரும் கும்பகோணம் போய் வந்துகொண்டிருந்தபோதே ஊருக்கு டெலிபோன் பூத் வந்துவிட்டது. கேசட்டுக்கு ஆளில்லை. அண்ணன் கடையை மூடிவிட்டு வேதாரண்யத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

“ஹுமைரா அத்தா லீவுல வந்ததும், இது உங்க யோசனைதான்னு சொல்லிடுறேன் அண்ணே.”

பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஜன்னல் வழியே சொன்னார்: “வேணாம் தங்கச்சி. நாம கேட்டது செம்மொழிக்காக. ஹுமைராவை அனுப்புனது அவரு மனசு. அது அவரோடதாவே இருக்கட்டும்.”