தலையாட்டினால் சம்மதம்

அமுதா அத்தையின் மனத்தில் இருப்பது முழுவதும் எங்களுக்குத் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். சிமெண்டுத் தரையில் குதிகாலால் ஒருமுறை ஓங்கி மிதித்தால், அந்த அதிர்வு தரை வழியே ஓடி, கூடத்தின் மறுகோடியில் முதுகு காட்டி அமர்ந்து அம்மா தைத்த ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கும் அவளுடைய உள்ளங்காலைத் தொடும்; அவள் திரும்பிப் பார்ப்பாள். அந்த மிதியை எவ்வளவு அழுத்தமாக வைக்க வேண்டும் என்பது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பதற்கு முன்பே தெரிந்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் காது போனது; வரவிருந்த பேச்சும் அதோடு நின்றுவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டோடு தங்கிவிட்டாள். பெற்றவர்கள் போன பிறகு சேரப்பணஞ்சேரியில் எங்களோடு இருந்தாள். அவளோடு பேசுவதற்கென்று யாரும் திட்டமிடாமலே வீட்டுக்குள் ஒரு கைவழக்கு உருவாகியிருந்தது. அதை நாங்கள் "நம்ம ஜாடை" என்போம். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அப்பா. கால் விரல்களால் தரையை மிதித்துக் காட்டினால் தையல் இயந்திரத்து அம்மா. தோளுக்கு இருபுறமும் இரட்டைச் சடையை இழுத்தால் நான். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தால் ஓர் இரவு. அது கடந்த இரவா, வரப்போகும் இரவா என்பதை அவரவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமிதத்தில், தெருப் பிள்ளைகள் என்னை "ஊம பாஷ டீச்சர்" என்று கேலி செய்ததைக்கூட நான் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். ஊரில் யாராவது "ஊமை கண்ட கனா" என்று பழமொழி சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. "எங்க அமுதா கண்ட கனாவ எங்கிட்ட சொல்லிடுவா" என்பாள்.

அப்பா, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தப் பேருந்தின் ஓட்டுநர். சின்னச் சின்ன மின் உறுப்புகளைப் பொருத்தும் கம்பெனி ஒன்றில் காது கேளாத பெண்களை லைன் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று சக ஓட்டுநர் ஒருவர் சொல்லக் கேட்டு, ஒரு நாள் அத்தையை அங்கே அழைத்துப் போனார். மொழிபெயர்க்க நானும் போனேன். நான் அப்போது ஆறாம் வகுப்பு. தலை எண்ணெய் பளபளக்க, பரீட்சைக்குப் போகிறவளைப் போலப் போனேன்.

ஆனால் அங்கே அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஸ்டெல்லா அக்கா என்று பின்னாளில் நான் அழைக்கப்போகும் அந்தத் திருநெல்வேலிக்காரப் பெண், எதிரில் வந்து நின்று கைகளை உயர்த்தி அத்தையிடம் பேசத் தொடங்கினார். அவருடைய விரல்களும் கண்களும் உதடுகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. அதில் ஓர் அசைவுகூட எங்கள் ஜாடையில் இல்லை. அத்தை அந்தக் கைகளையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா அக்கா கைகளை இறக்கிவிட்டு, "தலைய ஆட்டுதா. ஆனா ஒண்ணும் வெளங்கலன்னு நெனைக்கேன், அண்ணாச்சி" என்றார்.

"அதெல்லாம் புரியும்மா. தலையாட்டிட்டான்னா சரின்னு அர்த்தம். எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார் அப்பா.

ஸ்டெல்லா அக்கா மீண்டும் அத்தையின் பக்கம் திரும்பினார். அவருடைய தாய், தந்தை இருவருக்குமே காது கேளாது என்பதும், வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசியவர் அவர் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தன.

வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, முதல் ஷிப்டுக்கு அப்பாவின் பேருந்திலேயே அத்தை போய்வரத் தொடங்கினாள். சில மாதங்களில், ஸ்டெல்லா அக்காவிடமிருந்தும் உடன் வேலை செய்த காது கேளாத பெண்களிடமிருந்தும் அவர்களுடைய கைமொழி அவளுக்குப் பழகிவிட்டது. விடியாத அந்த நேரத்தில், காது கேட்கும் பெண்கள் எல்லோரும் சன்னல் கம்பியில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருக்க, காது கேளாத ஆறேழு பெண்கள் மட்டும் நடு விளக்கின் கீழ் இடம் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்கத் தோதாகத் திரும்பி அமர்ந்து, ஓசையே இல்லாமல் பேசித் தீர்ப்பார்களாம். தன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அதைப் பார்த்தபடி வண்டி ஓட்டிய அப்பா, ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமலே சொன்னார்:

"நம்ம ஸ்டாப்புல ஏறின அமுதா கம்பெனி கேட்டு வர்ற வரைக்கும் கைய நிறுத்தல. சிரிக்கறா. எவளையோ திட்டறா. ஒருத்தி அழுதா, அவளுக்கு இன்னாவோ சமாதானம் சொல்றா. கண்ணாடில பாத்துக்கினே வரேன், ஒண்ணும் புரியல."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அம்மா.

வேடிக்கையாகச் சொன்னதுதான்; ஆனால் அப்பா சிரிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் வளர்ந்த தங்கை இவ்வளவு பேசக்கூடியவள் என்பதை ஒரு கண்ணாடி வழியாக அவர் தெரிந்துகொள்ள நேர்ந்திருந்தது. நானும் கவனித்தேன். வீட்டில் எங்களோடு ஜாடை செய்யும்போது அத்தையின் கைகள் வேகம் குறைந்து, சிறுபிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நடந்துகொள்ளத் தொடங்கியிருந்தன.

இதற்கிடையில் அத்தைக்கு ஒரு வரன் முடிவாகியிருந்தது. குன்றத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். முதல் மனைவியை இழந்தவர். ஒரு குழந்தையும் இருந்தது. "தங்கமான மனுசன், நம்ம புள்ளைய யாரு கட்டிக்கறேன்னு வருவா?" என்பது அப்பாவின் கணக்கு. புகைப்படத்தைக் காட்டினார், மூன்று முடிச்சுப் போடுவதாகக் கழுத்தருகே ஜாடை செய்தார், அத்தை பார்த்துத் தலையாட்டினாள். எங்கள் வீட்டுச் சட்டப்படி அது சம்மதம். அம்மா புதுப் பட்டு ரவிக்கைக்கு அளவெடுத்தாள். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. தட்டுகள் வாங்கி வந்து அடுக்கினோம். அந்தத் தட்டுகளைப் பார்த்த பிறகுதான் அத்தையின் முகம் மாறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்டெல்லா அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவரை அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் எதிரே நின்றுகொண்டு கைகளை உயர்த்தினாள். குரல் அப்பாவின் தோளுக்கருகிலிருந்து வந்தது.

"அண்ணே, நீங்க போட்டோவக் காட்டுனீங்க. நான் பாத்துட்டேன்னுதான் தலையாட்டுனேன். கட்டிக்கிடுதேன்னு ஆட்டல."

அத்தை முதன்முதலாக எங்கள் வீட்டில் 'நான்' என்று பேசியது அப்படித்தான். அம்மா திகைப்பிலோ என்னவோ சிரித்துவிட்டாள். "இன்னாடி இது, நம்ம அமுதா திருநெல்வேலிக்காரியாட்டம் பேசறா."

அத்தை நிறுத்தவில்லை, குரலும் நிற்கவில்லை. "நீங்க எதக் காட்டுனாலும் நான் தலையாட்டுவேன். எங்கிட்டப் பேசுதீங்கன்னு தெரியும், அதுக்குத்தான் ஆட்டுவேன். என்ன பேசுதீங்கன்னு பாதி நாள் தெரியாது. அந்தக் கடைக்காரர் வீட்டுலயும் எனக்கு அப்படித்தான் இருக்கும். நான் போக மாட்டேன்."

அப்பா அத்தையைப் பார்க்காமல் ஸ்டெல்லா அக்காவின் பக்கம் திரும்பினார். "இத அவ சொல்றாளா, நீ சொல்றியா?"

"எனக்கு இதுல என்ன இருக்கு, அண்ணாச்சி? அவ கை சொல்லுதத நான் வாயால சொல்லுதேன், அம்புட்டுதான்."

அப்பாவுக்கு அது போதவில்லை. தான் அறியாத ஒரு மொழியில், தான் அறியாத ஒரு குரலில் வந்த மறுப்பைத் தங்கையின் மறுப்பாக ஏற்க அவரால் முடியவில்லை. அதில் எனக்கு இன்று வியப்பும் இல்லை. என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ கேளு. நம்ம ஜாடைல கேளு."

நான் அத்தையின் முன்னால் போய் நின்றேன். கையால் மலைப்படி ஏறிக் குன்றத்தூரைக் காட்டினேன். மீசையை முறுக்கி அந்த மனிதரைக் காட்டினேன். அவளைக் காட்டி, கழுத்தில் முடிச்சுப் போட்டேன். அதற்குமேல் என் கைகளுக்குப் போகத் தெரியவில்லை. இவ்வளவு நாள் பெருமையடித்துக்கொண்ட அந்த ஜாடையில், 'உனக்கு இஷ்டமா' என்று கேட்க ஓர் அசைவு இல்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. நான் காட்டியதெல்லாம், மீசைக்காரருக்கு நீ கழுத்தை நீட்டப்போகிறாய் என்ற அறிவிப்பாக மட்டுமே அந்தரத்தில் நின்றது.

அத்தை என் கைகளைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். பந்தியில் யாராவது வற்புறுத்திச் சோறு போட வந்தால், ஒரு பருக்கையும் விழாதபடி முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் இலைமேல் விரித்து மூடுவார்களே, அதுபோல இலையே இல்லாத இடத்தில் அவள் தன் நெஞ்சுக்கு முன்னால் கைகளைக் கவிழ்த்து விரித்தாள். விரித்த கைகளை எடுக்காமல் அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டெல்லா அக்கா வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அப்பா எழுந்து வாசலுக்குப் போய் குன்றத்தூருக்குப் போன் செய்தார். "தங்கச்சிக்கு இஷ்டமில்லீங்க" என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அவதான் சொன்னா. ஆமாங்க, அவளேதான்" என்றார்.

உறவில் பேசாத பேச்சில்லை. "ஊமச்சிக்கு வாய் மொளச்சிட்ச்சாமே" என்று கடைத்தெருவில் ஒருத்தி கேட்க, "மொளச்சா நல்லதுதானே, இத்தினி நாளா இல்லியேன்னுதானே அழுதீங்க" என்று அம்மா திருப்பிக் கொடுத்தாள்.

அப்பா ஸ்டெல்லா அக்காவிடம் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்பினார்: "வேணுமா"ன்னு எப்படிக் கேக்கறது? அவர் சொல்லிக்கொடுத்தார், அப்பா செய்தார், அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "கை மட்டும் போதாது, அண்ணாச்சி. புருவத்தத் தூக்கணும். தூக்கலன்னா அது கேள்வி இல்ல, உத்தரவாயிரும்" என்றார் ஸ்டெல்லா அக்கா. அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். சாப்பிடு, வா, தூங்கு, கொக்கி வை, கதவைச் சாத்து. எங்கள் ஜாடை முழுவதும் புருவம் அசையாத ஜாடை. அன்பில்லாமல் அல்ல, அவளிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அதன் பிறகு அப்பா காப்பி, வாழைப்பழம், மின்விசிறி என்று எதற்கெடுத்தாலும் புருவத்தை நெற்றியின் உச்சி வரை ஏற்றிக்கொண்டு தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிற்காலத்தில் நான் மொழியைப் பற்றியே படித்தேன். பொருள் என்பது வாய்க்குள் மட்டும் விளைவதில்லை, கையும் கண்ணும் முகமும் உடலின் திசையும் சேர்ந்தே அதை ஆக்குகின்றன என்று நூல்கள் விரிவாக வாதிட்டன. அந்த வாதங்கள் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. அதேபோல, கைகள் இருந்தால் மட்டும் மொழி வந்துவிடாது, பேசிப் பழக மனிதர்கள் வேண்டும் என்பதையும் நான் நூல்களுக்கு முன்பே அப்பாவின் பேருந்திலிருந்து அறிந்திருந்தேன்.

அத்தை இப்போது மறைமலை நகரில் இருக்கிறாள். அதே கம்பெனியில் சந்தித்த, காது கேளாத ஒருவரை அவளே தேர்ந்து மணந்தாள். லைனுக்குப் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். காது கேட்கும் மகள் ஒருத்தி இரண்டு மொழிகளிலும் வாயாடுகிறாள். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அத்தை என்னோடு இரண்டு கைகளாலும் பேசுவாள்; அவளுடைய மொழியை நான் முறையாகக் கற்றுக்கொண்டேன். ஸ்டெல்லா அக்கா ஊருக்கே திரும்பிவிட்டார். அப்பா இல்லை. எங்கள் கூடத்தில் டைல்ஸ் போட்டாயிற்று; மிதித்துக் கூப்பிட அங்கே யாரும் இல்லை.

"நம்ம ஜாடை" போய்விட்டதற்காக நான் வருந்துவதில்லை. நாங்கள் சொல்ல வேண்டியதற்குப் போதுமானதாக இருந்தது அது. அத்தை சொல்ல வேண்டியதற்கு அதில் இடமில்லை. அம்மாவுக்கு மட்டும் புது மொழி இன்றுவரை கைவரவில்லை. அதனால் அத்தை வரும் நாட்களில் சமையலறையில் அவர்கள் இருவரும் பழைய அசைவுகளிலேயே பேசிக்கொள்கிறார்கள். அத்தையின் மகள் அருகில் நின்று ஒன்றும் புரியாமல் பார்ப்பாள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது அத்தை, அம்மா, நான்.