பீட்டாவில் காணாமல் போன எருமை

எங்கள் எருமை காணாமல் போனபோது ஆறு வயது மகள் பள்ளியில் இருந்தாள். நல்லவேளை என்று நினைத்தேன். பள்ளிப் பேருந்து நாலு மணிக்கு வந்துவிடும் என்பது அடுத்துதான் உறைத்தது.

எருமை வளர்ந்தது என் கணினியில். சனத்நகரில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்கள் வேறெங்கே வளர்ப்பது? கல்லூரியிலிருந்தே எனக்குக் கணினி விளையாட்டுப் பைத்தியம் உண்டு. தாயான பிறகு துப்பாக்கி விளையாட்டுகளை நீக்கிவிட்டு, குழந்தை பார்த்தாலும் பாதகமில்லாத ஒரு பண்ணை விளையாட்டுக்கு மாறினேன். அதில் உடம்பெல்லாம் கறுப்புத் திட்டுகள் கொண்ட வெளிநாட்டுப் பசுக்கள்தான் இருந்தன. போவன்பள்ளிச் சந்தைக்கு வெளியே முட்டைக்கோஸ் இலை தின்னும் எருமைகளைப் பார்த்த என் மகளுக்கு அவை பிடிக்கவில்லை. விளையாட்டில் இல்லாததை ஆட்டக்காரர்களே எழுதி ஒட்டவைப்பதற்கு மோட் என்று பெயர். யாரோ ஒரு புண்ணியவான் எருமை மோட் எழுதி வைத்திருந்தார். எருமை வந்தது. அவள் அதற்குப் பெயரும் வைத்தாள். அதை இங்கே எழுத எனக்கு அனுமதியில்லை.

அன்று காலை பீட்டா வந்தது, அதாவது இன்னும் சரிபார்த்து முடியாத புதுப் பதிப்பு. பிழை கண்டால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் கேட்டுவிட்டால் என்னால் செய்யாமல் இருக்க முடியாது. இறக்கித் திறந்தேன். கோழிகள் இருந்தன. கிணறு இருந்தது. எருமை இல்லை.

கணவரை அழைத்தேன். மென்பொருளைச் சோதிப்பதுதான் அவருக்கு வேலை.

"ஏங்க, எருமையக் காணோம்ங்க."

"கண்ணு, மீட்டிங்ல இருக்கேன்."

"பீட்டா போட்டேன்..."

"நாள் பூரா இங்க அதோடதான் மாரடிக்கிறேன். வீட்லயும் எதுக்கு? பேக்கப் எடுத்தியல்லோ?"

"எடுத்தேன். சரியா இருக்குதான்னு பீட்டாவுலயே தொறந்து பாத்துட்டேன். அதுலயும் போயிருச்சு."

"பாதி பாதியாக் கழட்டிப் பாரு," என்றார்.

மோட் வைத்து விளையாடுபவர்கள் எல்லோரும் செய்யும் வைத்தியம் அது. எருமைக்குப் பிறகு நான் சேர்த்த மோட்கள் ஏராளம். அவற்றில் பாதியைக் கழற்ற வேண்டும். கோளாறு அப்படியே இருந்தால் மிச்சப் பாதியில் குற்றவாளி இருக்கிறது. அதையும் பாதியாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விளையாட்டு திறந்து முடிப்பதற்குள் துணி மடித்தேன், பொய்களை ஒத்திகை பார்த்தேன். எருமை ஊருக்குப் போயிருக்கிறது என்றால், எப்போது வரும் என்பாள். புதிதாக ஒன்று வாங்கி வைத்தால், முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். என் முகத்தை.

கடைசியாக ஒரு மோட் மிஞ்சியது. அதைக் கழற்றியதும் கொட்டகைக் கதவு திறந்தது. எருமை அசைபோட்டபடி வெளியே வந்தது.

எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் இருந்திருக்கிறது. பிராணிகளுக்கு நோய் வராமல் காக்கும் அந்த மோடை, மகள் அழக்கூடாதே என்று நான்தான் போட்டிருந்தேன். மழை வந்தால் மாட்டை உள்ளே தள்ளிக் கொட்டகையைப் பூட்டும், நின்றால் திறக்கும். பீட்டாவில் பூட்டத் தெரிந்தது, திறக்கத்தான் மறந்துவிட்டது.

நாலு மணிப் பேருந்தில் இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிய மகள் நேராகக் கணினிக்கு வந்தாள். அந்நேரம் பார்த்துப் பண்ணையில் மழை பிடித்துக்கொண்டது. எருமையைக் கொட்டகைப் பக்கம் ஓட்டினேன்.

"நக்கோ அம்மா! கைக்கு உள்ள தள்றே?" பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு 'வேண்டாம்' என்பது 'நக்கோ', 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகிவிட்டது.

"நனைஞ்சா சளி புடிக்கும் சாமி."

"அது எருமைம்மா. அதுக்கு மழைன்னா இஷ்டம். நீ அதுக்கும் தலை தொவட்டுவியா?"

கையை எடுத்துக்கொண்டேன். எருமை மழையில் நின்றது, நின்றது, கடைசியில் தும்மியது. நான் பதறுவதற்குள் அவள் பண்ணைக் கடையில் மருந்து வாங்கி ஊட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. மருத்துவர் போல உதட்டைக் குவித்துக்கொண்டு மும்முரமாக இருந்தாள்.

நான் கைப்பேசியை எடுத்து அந்தக் கொட்டகை மோட் எழுதியவருக்குப் பிழையைத் தெரிவித்தேன்: மழை நின்ற பிறகும் கதவு திறப்பதில்லை. எழுதி முடித்து, திரும்பப் படித்து, ஒரு வரி சேர்த்தேன். திருத்த அவசரமில்லை.