விளக்கெண்ணெய்த் தட்டும் அல்லிக் குளமும்

விளக்கெண்ணெய் தடவிய அலுமினியத் தட்டைக் காற்றில் வீசினால் முதலில் மூக்கில் ஏறுவது அந்தக் கனத்த வாடை; அப்புறம்தான் மிளகுத்தூள் தூவினாற்போலத் தட்டில் அப்பிக்கிடக்கும் பூச்சிகள் கண்ணில் படும். தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில், பொழுது சாய்கிற நேரம் எனக்கு இதுதான் வேலை. அகரத்துப் பக்கமிருந்து அம்மா கொண்டுவந்த அல்லிக் கிழங்குக்காக அப்பா ஒரு குட்டிக் குளம் வெட்டிச் சிமெண்டு பூசியிருந்தார். அதன்மேல் அந்தியில் "பொடிக்கொசு" புகைத்தூண் மாதிரி எழும்பி நின்று ஆடும்.

பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த காலம் அது. "தண்ணி வர்ற அன்னைக்குத்தான் நமக்குத் தீவாளி" என்பார் அம்மா. காய் கழுவிய நீரும் அரிசி களைந்த நீரும்தான் குளத்துக்கு. "குடிக்கத் தண்ணியக் காணோம், இவுகளுக்குக் கொளம் கேக்குது" என்று தெருவில் நொடித்தவர்களும் உண்டு.

பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொசுக்கடித் தடிப்பு. ஒருநாள் காய்ச்சலும் கண்டதும் எங்கள் கொல்லையில் வந்து நின்றார்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. பிள்ள ஓயாம அழுகுது. அந்தக் கொளத்த மூடிருங்களேன்."

 அம்மா வேப்பிலைப் புகை போட்டுப் பார்த்தார், என்னைத் தட்டு வீசச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மூடவும் மனம் வராமல், மூன்றாம் நாள் ரேஷன் மண்ணெண்ணெயைக் குளத்தில் ஊற்றிவிட்டார். பூச்சிகள் போயின. கூடவே குளத்தில் அப்பா விட்டிருந்த மீன்குஞ்சுகளும் செத்து மிதந்தன. அல்லி இலைகள் கருகின.

குழந்தையின் தடிப்பு மட்டும் போகவில்லை.

"ஏ பாப்பா, அந்தத் தட்ட எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குச் செத்த வா" என்று ஜமீலா அக்கா கூப்பிட்டார். அவர் வீட்டுத் தண்ணீர் டிரம் ஓரமாக வீசினேன். ஒட்டியவை எல்லாம் வெள்ளை வரிக்கால் கொசுக்கள். எங்கள் குளத்தில் அகப்பட்டதெல்லாம் கடிக்காத பொடிக்கொசு; ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை. அக்கா டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். சேர்த்துவைத்த தண்ணீரில் புழு நெளிந்தது.  அத்தனையையும் கவிழ்த்துக் கழுவி, டிரம்மின் வாயைப் பழைய துப்பட்டியால் இறுகக் கட்டினார்.

அடுத்துத் தண்ணீர் வந்த அன்று, தான் பிடித்த முதல் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலிச் சந்து வழியாக வந்தார். அம்மா தேய்த்துக் கழுவி, கிழங்கை மட்டும் திரும்ப ஊன்றி வைத்திருந்த தண்ணீரில்லாக் குளத்தில் அதைச் சாய்த்தார்.

"ஏ புள்ள, குடிக்கிற தண்ணி அது."

"இருக்கட்டும்க்கா. நாலு நாளைக்கு அளந்து குடிச்சாப் போச்சு."

கிழங்கு சாகவில்லை. துளிர்த்துப் பூத்த அன்று அம்மா பூவைப் பறிக்காமல், குழந்தையைத் தூக்கிவரச் சொல்லிக் காட்டினார்.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். குளம் இருந்த இடத்தில் தளம் போட்டு யாருடைய காரோ நிற்கிறது. பொடிக்கொசுவையும் காணோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆளுயரச் சுவர் எழும்பிவிட்டது. ஒரு குடம் தண்ணீரை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால், இப்போது தெருவைச் சுற்றித்தான் போகவேண்டும்.